வெளுக்காத சேலைக்கு ஒரு சொம்பு

நாய்க்காரன் சுடலைராஜுக்கு வெறி பிடித்துவிட்டது என்ற செய்தி, ஆனி மாதக் கடைசியில், தென்காசியில் ஒரு சலூனில் கிடைத்தது. அவர் வளர்த்த நாயே அவரைக் கடித்துவிட்டதாம். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறாராம். குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, இந்தச் சீசனில் ஒரு நாள்கூட அருவிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டாம் முறை சொன்னார். சாரல் அடிக்கும்போது அருவிக்குப் போகாத மனுசனுக்கு வெறியைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்?

செய்தி பஸ் ஏறி இலஞ்சிக்குப் போனபோது சுடலைராஜ் குரைக்க ஆரம்பித்திருந்தார். செங்கோட்டையில் இறங்கியபோது மூன்று பேரைக் கடித்திருந்தார். அதில் ஒருவர் கேரளத்திலிருந்து குளிக்க வந்தவர் என்று கூடுதல் தகவல். வெளியூர்க்காரர் ஒருவராவது பாதிக்கப்படாவிட்டால் எங்கள் பக்கத்தில் எந்தச் செய்தியும் முழுமை அடைவதில்லை.

சரி, விசாரித்துப் பார்த்துவிடலாம் என்று போனால், கடிபட்டவர்களில் ஒருவர் கேரள பார்டர் பக்கம் ஒரு கடையில் நாட்டுக்கோழிக் குழம்பில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் கட்டு இருந்தது. ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்த கட்டு. "என்னைய யாரு கடிச்சா?" என்று அவரே கேட்டார். மற்ற இருவர் கிடைக்கவில்லை. கேரளத்துக்காரருக்குப் பெயரே கிடையாது.

ஆனால் வதந்தியில் இரண்டு விஷயம் மெய். சுடலைராஜ் நாய் வளர்க்கிறவர். அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போடப் பெரிய புத்தி தேவையில்லை, ஊரே போட்டது. சுடலைராஜே போட்டார். முடிச்சுப் போடாமல் இருந்த ஒரே ஆள் அவர் மனைவி காளீஸ்வரி. அவளும் நம்பாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. வேலை கிடந்ததால் யோசிக்க நேரமில்லாமல் இருந்தாள்.

காளீஸ்வரி புளியங்குடிக்காரி. அப்பா எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்கியவர். கல்யாணமாகி, தென்காசியைத் தாண்டி மேலகரத்து வயல் ஓரத்தில் ஓடு வேய்ந்த வீட்டுக்கு வந்தபோது, வீட்டைவிட அதன் பின்னால் இருந்த நாய்க் கொட்டில் பெரியதாக இருந்ததைப் பார்த்தாள். சுடலைராஜ் திருவேங்கடத்துப் பக்கம் கரிசக்காட்டில் பிறந்தவர். அங்கே முயலுக்கு விடுகிற ஒல்லி நாய்களோடு வளர்ந்தவர். இங்கே மலையடிவாரத் தோப்புகளுக்குக் காவல் நாய் பழக்கிக் கொடுப்பது அவர் தொழில். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, எலுமிச்சைத் தோட்டம் என்று கடையம் வரைக்கும் அவர் நாய்கள் நின்றன.

காட்டுப்பன்றியைப் பார்த்துக் குரைக்க எந்த நாய்க்கும் சொல்லித்தர வேண்டாம். சங்கடம் வேறு இடத்தில். களை பறிக்க வருகிற பெண்ணையும் காய் இறக்க வருகிற ஆளையும் அது கடிக்கக் கூடாது. தோப்புக்குத் தோப்பு ஐம்பது அறுபது பேர் வருவார்கள். அத்தனை பேரையும் கொட்டிலுக்கு வரவழைத்துக் குட்டிக்கு அறிமுகம் செய்துவைக்க முடியாது. இதற்கு வழி செய்தவள் காளீஸ்வரி.

அவளுக்கென்று ஒரு வியாபாரம் இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம். பழைய மொபெட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் தட்டுமாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். எல்லாப் பாத்திரக்காரிகளும் வெளுத்த துணியாகக் கேட்பார்கள். காளீஸ்வரி, தோப்பு வேலைக்குப் போகிற வீடுகளில் மட்டும், வெளுக்காத துணி கேட்டாள். உடுத்திக் களைந்த சேலை, வேர்வை காயாத பனியன், தலையில் கட்டிய துண்டு. அதைக் கொண்டுவந்து கொட்டிலில் குட்டிகளுக்கு நடுவே போடுவார் சுடலைராஜ். குட்டிகள் அதன்மேல் படுக்கும், இழுக்கும், முகரும், தூங்கும். அந்த வாசனைகளோடு வளர்ந்த நாய், பின்னால் தோப்பில் அதே ஆளைப் பார்க்கும்போது ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

வெளுக்காத துணி வாங்குவது லேசான காரியம் இல்லை. கொடுத்த துணியில் செய்வினை வைத்துவிட்டால்? ஒரு ஊரில் அவளைத் துடைப்பத்தோடு விரட்டியிருக்கிறார்கள். அதனால் வெளுக்காத துணிக்கு அவள் கூடக் கொடுத்தாள். கிண்ணத்துக்குப் பதில் தட்டு, தட்டுக்குப் பதில் குடம். கடையத்தில் ஒரு தென்னந்தோப்பில் மட்டை பொறுக்குகிற பேச்சித்தாய் அதிலும் பேரம் பேசினாள். மூன்று நாள் கட்டிய மஞ்சள் சேலையை உருவிக் கொடுத்துவிட்டு, "எனக்குக் கிண்ணமும் வேண்டாம், கொடமும் வேண்டாம். வாய் குறுகுன எவர்சில்வர் சொம்பு வேணும், அடி கனமா" என்றாள். அன்றைக்கு மொபெட்டில் சொம்பு இல்லை. அடுத்த நடைக்குக் கொண்டாறேன் என்று சேலையை வாங்கிக்கொண்டு வந்தாள் காளீஸ்வரி. மாசி மாதம் அது.

எல்லாக் குட்டியும் தேறாது. சில குட்டிகள் துணியைக் கண்டதும் முடி சிலிர்த்து, கிழித்து, கிழித்த துண்டையும் விடாமல் உறுமும். அடுத்தடுத்துப் போட்டும் அப்படியே செய்கிற குட்டியைச் சுடலைராஜ் தனியே எடுத்துவிடுவார். கேட்டால் காட்டுப் பக்கம் அனுப்பிவிட்டேன் என்பார். காட்டுப் பக்கம் போன குட்டி எதுவும் திரும்பி வந்ததில்லை. காளீஸ்வரி அதற்குமேல் கேட்டதில்லை. நம்ம ஆளையே கடிக்கிற நாய் வெளியே போகக் கூடாது. அதுதான் கொட்டிலின் சட்டம். தோப்புக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த நிம்மதிக்குப் பின்னால் எத்தனை குட்டி என்று அவர்களும் கேட்டதில்லை.

இன்னொரு ரகம் உண்டு. துணியைப் பார்த்துச் சிலிர்க்கவும் செய்யாது, சும்மா இருக்கவும் செய்யாது. சிலிர்க்கிற குட்டிக்கும் துணிக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டதைச் சுடலைராஜ் விற்கமாட்டார். கொட்டிலிலேயே வைத்துக்கொள்வார். மருதி அந்த ரகம். செவலை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பத்துக் குட்டி பாய்ந்தாலும் அவள் எழுந்து குறுக்கே நின்றால் அடங்கிவிடும். பேச்சித்தாயின் மஞ்சள் சேலையைக் குட்டிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபோது மருதிதான் அதன்மேல் ஏறிப் படுத்துக் காப்பாற்றினாள். அதன்பிறகு அந்தச் சேலை அவள் படுக்கை ஆனது.

அந்த மாசி மாதத்திலேயே ஒருநாள் இரண்டு குட்டிகள் கட்டிப் புரண்டன. விலக்கிவிட மருதியும் பாய்ந்தாள், சுடலைராஜும் கையை விட்டார். மருதியின் பல் அவர் புறங்கையில் கீறிவிட்டது. நாய்க்காரன் நாய்க்கடிக்கு ஊசி போடுவதா? ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் தொழிலுக்கு என்ன மரியாதை? பச்சிலை கொடுக்கிற ஆள் ஒருவரிடம் இலையை வாங்கித் தின்றார். ஒரு மண்டலத்துக்கு உப்பு, புளி, கோழி கூடாது என்று பத்தியம். பத்தியம் பாதி நடக்கும்போது, தோப்புக்காரர் ஒருவர் பார்டருக்குக் கூட்டிப் போய்க் கோழிக் குழம்போடு இலை போட்டார். சுடலைராஜ் சாப்பிட்டுவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.

வைகாசியில் இடது கண் இமை சரிந்தது. காலையில் சரியாக இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் பாதிக் கண் மூடியிருக்கும். தெருவில் வருகிற பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று முதலில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சே நிலைத்திருக்கலாம். யாருக்கும் உயிர்ச்சேதம் வந்திருக்காது. பிறகு குரல் மூக்கு வழியாக வந்தது. சோற்றை மெல்லும்போது பாதியில் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தார். ஆனியில் ஒருநாள் சாயங்காலம் கிணற்றடியில் தண்ணீர் குடித்தவர் இரும, தண்ணீர் மூக்கு வழியாகக் கொட்டியது. செம்பைத் தூர எறிந்தார்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து அதைப் பார்த்தவர் நம்பிராஜன். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளக் கணக்கில்தான். சலூன் செய்திக்கு ஊற்றுக்கண் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. இருந்தாலும் அவர் பொய் சொல்லவில்லை. செம்பை எறிந்ததைப் பார்த்தேன் என்றுதான் சொன்னார். மற்றதையெல்லாம் கேட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் அனுசியா போன் செய்தாள். அழுதுகொண்டே அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா யாரையாச்சும் கடிச்சிட்டாராம்மா?"

ஆடி பிறந்ததும் நம்பிராஜன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசல் என்றால் வாசலுக்குப் பத்தடி முன்னால். சின்னப் பிள்ளைகள் இருக்கிற தெரு, சீசன் நேரம், வெளியூர்க்காரன் வந்துபோகிற ரோடு என்றெல்லாம் முறைப்படி அடுக்கினார். கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் மசூதும் கூட வந்திருந்தார். கடித்து நாலஞ்சு மாசமாகியும் நாய் சோறு தின்றுகொண்டு நிற்கிறதே, வெறி இருந்தால் பத்து நாள் தாங்குமா என்று அவர் ஒருவர்தான் கேட்டார். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

"ஏலே சுடலை, உனக்குத் தெரியாததா? ஒன்னு அது போகணும், இல்ல கொட்டிலே போகணும்" என்றார் நம்பிராஜன்.

சுடலைராஜ் உள்ளேயிருந்து மூக்கால் பதில் சொன்னார். "நான் பாத்துக்கிடுதேன் ஏட்டையா. நான் வளத்தது. நானே பாத்துக்கிடுதேன்."

கூட்டம் போனபிறகுதான் காளீஸ்வரியிடம் பத்தியம் முறிந்த கதையைச் சொன்னார். பார்டரில் கோழி தின்றது, அதை மறைத்தது, விஷம் உடம்பில் பதுங்கியிருந்து இப்போது ஏறுவது எல்லாம். நாய்க்குள்ளும் அப்படித்தான் பதுங்கியிருக்கிறது என்றார். வெளியே தெரியாது. நம்ம நாய்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். காளீஸ்வரி, மசூது சொன்னதை ஞாபகப்படுத்தினாள். இவ்வளவு வருசமாக நாயோடு கிடப்பவன் சொல்கிறேன், கேள் என்று அடக்கிவிட்டார். அவர் சொன்னதிலேயே, நாயோடு கிடப்பவன் என்ற அந்த ஒன்றைத்தான் அவள் பின்னால் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை, கண் நன்றாகத் திறந்திருந்த நேரத்தில், மருதிக்குத் தயிர்ச்சோறு வைத்தார். எதைக் கலந்தார் என்று காளீஸ்வரி கேட்கவில்லை. மருதி வாலை ஆட்டிக்கொண்டு தின்றாள். பிறகு அவள் கிடந்த மஞ்சள் சேலையிலேயே சுற்றி, வயல் வரப்பை ஒட்டிக் குழி வெட்டினார். நாலு வெட்டு வெட்டுவதற்குள் கை தொங்கிவிட்டது. மீதிக் குழியைக் காளீஸ்வரி வெட்டினாள்.

அதோடு முடித்துக்கொள்ளவில்லை அந்த மனுசன். கொட்டிலில் ஓரத்துக் கூண்டை ஒழித்து, உள்ளே போய் உட்கார்ந்து, பூட்டைக் காளீஸ்வரி கையில் கொடுத்தார்.

"வெறி முத்துனா நான் உன்னையத்தான் முதல்ல கடிப்பேன். நான் என்ன கத்துனாலும் தொறக்காதட்டீ."

பூட்டினாள். பூட்டிவிட்டுக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த கூண்டிலிருந்து நாய்கள் அவரைப் பார்த்தன. மத்தியானத்துக்கு மேல் அவர் தலை முன்னால் சாய்ந்தது, நிமிர்த்த முடியவில்லை. கத்துவார் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் கத்தவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் மூச்சுக்குத் திணறினார். கத்தினால் திறக்காதே என்றுதானே சொன்னார், திணறினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. திறந்தாள்.

எந்த ஆட்டோவும் வரவில்லை. மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் இருக்க அவரையும் தன்னையும் சேர்த்து ஒரு வேட்டியால் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட்டினாள். தெரு ஜன்னல்கள் எல்லாம் பார்த்தன. சங்கிலியால் கட்டி இழுத்துப் போனாள் என்று சாயங்காலமே செய்தி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நாய்க்கடி என்று சொன்னதுமே பக்கத்துப் பெஞ்சு காலியானது. ஆனால் அங்கிருந்த டாக்டர் வேல்விழி, சின்ன வயதுக்காரி, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். எப்போது தண்ணீர் இறங்கும், எப்போது இறங்காது என்று கேட்டாள். காலையில் இறங்கும் என்றதும் பேனாவை வைத்துவிட்டாள். விரலை உயர்த்தி, மேலேயே பார்க்கச் சொன்னாள். பார்க்கப் பார்க்க இரண்டு இமையும் கடையின் ஷட்டர்போல இறங்கின. கையுறைக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டு இடது கண்மேல் வைத்தாள். எடுத்தபோது கண் திறந்திருந்தது. சுடலைராஜ் அவளைப் பார்த்தார். அந்த நேரத்தில் அந்தக் கண்ணால் அவர் யாரையும் முழுசாகப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

"ஐயா, இது வெறிநாய் நோய் இல்ல" என்றாள். "நாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நல்ல செய்தி சொன்ன முகத்தோடு நின்றாள். எதிரே இருந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தது எதனால் என்று அவளுக்கு விளங்கவில்லை. சுடலைராஜ் மெல்ல, "அப்ப மருதி?" என்றார். மருதி யார் என்று டாக்டர் கேட்டாள். காளீஸ்வரி, எங்க வீட்டு ஆளு என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே மூச்சுக் கருவி, ஊசி, மாத்திரை, ஸ்கேன். கொஞ்சம் தேறி, ஆபரேசனுக்குச் சம்மதம் கேட்டு அனுப்பியபோது, காளீஸ்வரி ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு வேல்விழியிடம்தான் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னது எதுவும் புரியவில்லை, நீங்க சொல்லுங்க என்றாள்.

வேல்விழி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, தைமஸ் என்று ஒரு சுரப்பி. பிள்ளை வயதில் பெரிதாக இருக்கும், போகப்போகச் சுருங்கிவிடும். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளையணுக்களில் ஒரு ரகம் அங்கேதான் வளர்ந்து பழகி வெளியே வரும். எதைப் பார்த்தால் பாய வேண்டும் என்பதைவிட, எதைப் பார்த்தால் பாயக் கூடாது என்பதுதான் அங்கே முக்கியமான பாடம். ஈரலும் தோலும் நரம்பும் நம்முடையவை. அவற்றைத் தொடக் கூடாது. ஆனால் சுரப்பியோ நெஞ்சுக்குள் ஒரு மூலையில் கிடக்கிறது. உடம்பு முழுக்க இருப்பதையெல்லாம் அது எப்படிக் காட்டும்? கொஞ்சத்தை அங்கே இருக்கிற அணுக்களே தயாரித்துக் காட்டும். மீதிக்கு ஊர் சுற்றுகிற அணுக்கள் உண்டு. அவை உடம்பெல்லாம் அலைந்து, அங்கங்கே உள்ளதில் துளித்துளியாக எடுத்துக்கொண்டு, ரத்தம் வழியாகச் சுரப்பிக்குள் வந்து, வளர்கிற அணுக்களிடம் காட்டும். அதைப் பார்த்து மூர்க்கமாகப் பாய்கிற அணு அங்கேயே சாகும். சிலது சாகாமல், மற்றவை பாயும்போது அடக்கிவைக்கிற அணுவாக மாறும்.

காளீஸ்வரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளுக்காத துணி" என்றாள்.

டாக்டருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. மொபெட், பாத்திரம், பனியன், குட்டி எல்லாம் கேட்டுவிட்டு வேல்விழி சிரித்தாள். "அப்போ ஊர் சுத்துற அணு நீங்கதான். கொட்டில் அளவுக்கு லேசா நடக்காது; எங்களுக்கே பாதிதான் தெரியும். ஆனா அப்படி வச்சுக்கிடலாம்."

சுடலைராஜின் சுரப்பியில் ஒரு கட்டி முளைத்திருந்தது. கொட்டிலின் ஒழுங்கு கெட்டு, பழகாதவை வெளியே போய்விட்டன. அவை கிளப்பிவிட்டதில், நரம்பு தசைக்குச் சேதி சொல்கிற இடத்தை உடம்பே தாக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இமை இறங்கியது, தாடை தொங்கியது, தண்ணீர் தடம் மாறியது. உழைக்க உழைக்கச் சேதி குறையும். ஓய்ந்திருந்தால் கொஞ்சம் திரும்பும். காலையும் சாயங்காலமும் வேறு வேறாக இருந்தது அதனால்தான். கட்டியோடு சுரப்பியையும் எடுத்துவிட வேண்டும் என்றாள்.

சுடலைராஜ் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு கேட்டார். "கொட்டிலப் பிரிச்சுப் போட்டுரலாம் தாயி. ஏற்கெனவே வெளிய போன நாயி?"

வேல்விழி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்கலாம். "அது கடிக்கத்தான் செய்யும். மாத்திரையால கட்டிப் போடணும். கொறையறதுக்கு மாசக்கணக்காகும். வருசமும் ஆகலாம்."

"அடக்குதது ஒன்னு சொன்னீங்களே. நடுவுல போய்ப் படுக்குதது. அது?"

"அதுவும் உங்க உடம்புல சரியா இல்லன்னுதான் நெனைக்கோம்."

"இல்லதான்" என்றார் சுடலைராஜ். "நாந்தான் சோறு வச்சேன்."

டாக்டர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள். காளீஸ்வரி திருநெல்வேலிக்கும் மேலகரத்துக்கும் பஸ்ஸில் அலைந்தாள். நாய்களுக்குச் சோறு வைக்க வேண்டியிருந்தது. துணி நடை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது; கொட்டிலில் கிடந்த பழைய துணிகள் மழைச் சாரலில் நனைந்து வாசனை போய்விட்டன. குறுக்கே போய் நிற்கவும் யாரும் இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாடையோடு, பஸ்ஸில் பத்துப் பேர் வேர்வையோடு, சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவளைப் பெரிய குட்டி ஒன்று உற்றுப் பார்த்தது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அது முடியைச் சிலிர்த்தது. ஒன்று பாய்ந்ததும் மற்றவையும் பாய்ந்தன.

வலது முழங்கைக்குக் கீழே சதை போயிற்று. மாடியிலிருந்து பார்த்து ஓடிவந்து, கம்பால் நாய்களை விரட்டி, தன் துண்டையே அவிழ்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் நம்பிராஜன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆட்டோவில் போகிற வழியெல்லாம், நான் அன்னைக்கே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்த முறை காளீஸ்வரி எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டாள்.

நாய்களை மசூது ஏற்பாடு செய்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். எங்கே என்று சுடலைராஜ் கேட்டார். காட்டுப் பக்கம் என்றார் மசூது. சுடலைராஜுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் தெரியும்.

வீடு திரும்பியபோது அவர் நெஞ்சில் கழுத்துக்குழியிலிருந்து கீழே நீளமாகத் தையல் இருந்தது. நெஞ்சைப் பிளந்து உள்ளேயிருந்து நாய்க்குட்டி எடுத்தார்கள் என்று சலூனில் சொன்னார்கள். எத்தனை குட்டி என்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. இது வெறிநோய் இல்லை, தைமஸ் என்று ஒரு சுரப்பி என்று விளக்கிச் சொன்னால், முடி வெட்டுகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான் நானும் சொல்லுதேன், உள்ளயே இருந்திருக்கு பாருங்க" என்றார். அது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

இப்போது கார்த்திகை. சுடலைராஜ் காலையில் மட்டும் குற்றாலத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். ஐயப்ப சாமிமார்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். மத்தியானம் இமை இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். மாத்திரையில் முகம் உப்பியிருக்கிறது. இன்னும் அருவிக்குப் போகவில்லை. கொட்டிலில் கூண்டுக் கதவுகள் திறந்து கிடக்கின்றன. ஓரத்துக் கூண்டுக்கு மட்டும் காளீஸ்வரி பூட்டுப் போட்டிருக்கிறாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

காளீஸ்வரியின் வலது கையில் மூன்று விரல் மடங்காது. மொபெட்டின் ஆக்சிலேட்டரைத் திருக முடியாது. அதனால் கடையத்துக்குப் போக முடியவில்லை. பேச்சித்தாய் மூன்று தடவை ஆள் விட்டுவிட்டாள். மாசியில் கொடுத்த சேலை, கார்த்திகை வந்தாயிற்று, சொம்பு எங்கே?

சொம்பு வாங்கித்தான் வைத்திருந்தாள். வாய் குறுகியது, அடி கனமானது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் வீட்டில் சின்ன வாயாகக் குடிப்பதற்கு வேறு தோதான பாத்திரம் இல்லை. சுடலைராஜ் அதில்தான் தினமும் காலையில் மடக்கு மடக்காகக் குடித்துப் பழகினார். முதல் மடக்கு மூக்கில் வராமல் இறங்கியது அந்தச் சொம்பில்தான். விஷயத்தை ஒளிக்காமல் பேச்சித்தாய்க்குச் சொல்லி அனுப்பினாள். புளி போட்டுத் துலக்கித் தருகிறேன் என்றாள்.

போனவர் நேற்று பதிலோடு வந்தார். "நாய்க்கடிக்காரன் வாய் வச்ச சொம்பு எனக்கு எதுக்கு? புதுசு தர முடியலன்னா என் சேலையத் திருப்பித் தரச் சொல்லு. வெளுக்காமத்தான் குடுத்தேன், வெளுக்காமயே தரட்டும்."

காளீஸ்வரி வாசலில் நின்று வயல் வரப்பைப் பார்த்தாள். மழையில், மருதியைப் புதைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அடுத்த நடையில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள்.